சைனீஸ் பேசுற ஃபிரண்டுக்கு இங்கிலீஷ் இடியமும் வார்த்தைகளும் சொல்லிக்குடுக்கறது எப்படி

சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு பக்கத்து சீட்ல சைனாவுல இருந்து வந்த ஒருத்தர் இருப்பாங்க. மெயில்ல ஒரு வரி புரியலன்னாலும், மீட்டிங்ல மேனேஜர் ஏதோ சொல்லி எல்லாரும் சிரிச்சாலும், நம்ம பக்கம் திரும்பி இதுக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்க, நாமளும் தெரிஞ்சத சொல்லுவோம், அடுத்த வாரம் அதே வார்த்தைய மறுபடியும் கேப்பாங்க. நான் ஆறு வருஷமா மத்தியான சாப்பாட்டு நேரத்துல இப்படி மூணு பேருக்கு சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், ஒருத்தர் ஹார்பின், மத்த ரெண்டு பேர் ஃபூஜியான் பக்கம். என்னை "ஜியே"ன்னு கூப்பிடுவாங்க, அக்கான்னு அர்த்தம். முதல் வருஷம் பூரா நான் இடியம் லிஸ்ட் எழுதிக் குடுத்தேன், எதிர்ல இங்கிலீஷ்ல அர்த்தம், அவ்வளவுதான். ஒண்ணு கூட அவங்க வாயில வரல. அப்புறம் தலைகீழா மாத்தினேன், முதல்ல அவங்க மொழியில இருக்குற இடியத்த கேக்குறது, அப்புறம்தான் இங்கிலீஷ். அதுல இருந்து வண்டி ஓட ஆரம்பிச்சுது. எப்படி பண்றேன்னு முழுசா எழுதுறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, அவங்க இங்கிலீஷ் தெரியாதவங்க கிடையாது. சைனாவுல 2001-ல இருந்தே மூணாங்கிளாஸ்ல இங்கிலீஷ் ஆரம்பிக்கணும்னு கவர்மெண்ட் கொண்டு வந்தாச்சு. காலேஜ் போனா சிஇடி-4, சிஇடி-6னு இங்கிலீஷ் பரீட்சை, முதல்ல சொன்னது 1987-ல இருந்து, அடுத்தது 1989-ல இருந்து நடக்குது, அதுக்கு மட்டும் நாலாயிரத்துக்கு மேல வார்த்தை மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. நம்மள விட கிராமர் ரூல் நல்லாவே தெரியும். ஆனா படிச்சது எல்லாம் பேப்பர்ல டிக் அடிக்கிறதுக்கு, பேசுறதுக்கு இல்ல. அவங்களே அதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க, "யாபா யிங்யூ", ஊமை இங்கிலீஷ்னு அர்த்தம். வார்த்தை புக்கெல்லாம் அகர வரிசையில இருக்குமாம், திறந்தா முதல் வார்த்தையே "அபாண்டன்", கைவிடுறது, அங்கயே புக்க மூடி வச்சுட்டோம்னு அந்த ஊர்ல படிச்ச யாரக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. அதனால ஏ ஃபார் ஆப்பிள்ல இருந்து ஆரம்பிச்சு அவங்கள சங்கடப்படுத்தாதீங்க. உள்ள கிடக்குற வார்த்தைய வெளிய எடுக்குறதுதான் நம்ம வேலை.

சரி, இடியத்துக்கு வருவோம். நாம ஸ்கூல்ல மரபுத்தொடர்னு படிச்சோமே, அந்த மாதிரி சைனீஸ்ல "செங்யூ"ன்னு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் நாலே எழுத்து, நாலு அசை, அதுக்குள்ள ஒரு முழு கதை. ஆயிரக்கணக்குல இருக்கு, சின்ன வயசுலயே கதையோட சொல்லிக்குடுத்துருவாங்க. உதாரணத்துக்கு "ஹுவா ஷ தியன் ட்ஸு", பாம்ப வரைஞ்சு கால் ஒட்டுறது. ஒரு ஜாடி ஒயின், ஆள் நிறைய, யாரு முதல்ல பாம்பு வரையிறாங்களோ அவங்களுக்குத்தான் ஒயின்னு போட்டி, முதல்ல முடிச்சவன் நேரம் இருக்கேன்னு பாம்புக்கு கால் வரைய ஆரம்பிச்சான், அதுக்குள்ள அடுத்தவன் முடிச்சுட்டு பாம்புக்கு ஏதுடா காலுன்னு கேட்டு ஒயின வாங்கிக் குடிச்சுட்டான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய கதை. இப்படி தேவையில்லாம கூட சேத்து கெடுக்குறதுக்கு இங்கிலீஷ்ல "கில்ட் த லில்லி"ம்பாங்க, அல்லிப்பூவுக்கு தங்க முலாம் பூசுறது. பாம்புக் கதை தெரிஞ்ச ஆளுக்கு அல்லிப்பூ ஒரே நிமிஷத்துல புரியும், லிஸ்ட்ல படிச்சா ஒரு மாசம் ஆனாலும் புரியாது.

அதனால முதல் நாள் இத மட்டும் பண்ணுங்க. ரெண்டு மொழியிலயும் படமே ஒண்ணா இருக்குற இடியமா பாத்து எடுங்க, ஏன்னா அதுல தைரியம் வரும். சந்தோஷம் என்னன்னா அதுல பாதி நம்ம தமிழ்லயும் அப்படியே இருக்கு. "வால்ஸ் ஹாவ் இயர்ஸ்", சைனீஸ்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் காது இருக்கு, நம்மகிட்ட சுவத்துக்கும் காது உண்டு. "ஃபிஷ் இன் ட்ரபுள்ட் வாட்டர்ஸ்", சைனீஸ்ல கலங்கின தண்ணியில மீன தடவிப் புடிக்கிறது, நம்ம ஊர்ல குழம்பின குட்டையில மீன் புடிக்கிறது. "ஆட் ஃபியூயல் டு த ஃபயர்", சைனீஸ்லயும் நமக்கும் எரியுற நெருப்புல எண்ணெய். இத நான் சொன்ன அன்னைக்கு ஹார்பின்காரர் சாப்பாட்ட விட்டுட்டு நோட்ட எடுத்து எழுதினாரு, உங்க ஊர்லயும் இதேதானான்னு பத்து தடவ கேட்டிருப்பாரு.

அடுத்த நாள் அர்த்தம் ஒண்ணு, படம் வேறன்னு இருக்குறத எடுங்க. யாரப் பத்தி பேசிட்டு இருக்கோமோ அவங்களே கதவத் திறந்துட்டு வந்தா இங்கிலீஷ்ல "ஸ்பீக் ஆஃப் த டெவில்", சைனீஸ்ல "சாவ் சாவ் பேரச் சொன்னா சாவ் சாவே வந்து நிப்பான்", அந்த சாவ் சாவ் 155-ல பொறந்து 220-ல செத்துப்போன தளபதி, மூணு ராஜ்யம் சண்டை போட்ட காலத்து ஆளு. இந்த மூணு மொழியில நாம மட்டும்தான் உனக்கு ஆயுசு நூறுன்னு வாழ்த்துறோம், இத சொன்னா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். திடீர்னு எல்லா இடத்துலயும் ஒண்ணு முளைச்சா சைனீஸ்ல மழைக்கு அப்புறம் வர்ற மூங்கில் குருத்து, இங்கிலீஷ்ல காளான், நமக்கும் காளான்தான். கூட்டம் நெரிஞ்சா சைனீஸ்ல "ரென் ஷான் ரென் ஹாய்", மனுஷ மலை மனுஷக் கடல். அத அப்படியே இங்கிலீஷ்ல "பீப்பிள் மவுண்டன் பீப்பிள் சீ"ன்னு சொல்லிருவாங்க, கேக்குறவங்க முழிப்பாங்க. அங்க "பாக்ட் லைக் சார்டீன்ஸ்"னு, டப்பாவுல அடைச்ச மத்தி மீன் மாதிரின்னு, மாத்தி சொல்லச் சொல்லுங்க. எள்ளு போட்டா எள்ளு விழாதுன்னு நம்ம ஊர்ல சொல்றதையும் சேத்து சொல்லுவேன் நான், மூணு படம் ஒண்ணா மனசுல உக்காந்தா மறக்காது.

ஆளுக்கு ஐஸ் வைக்கிறதுக்கு சைனீஸ்ல "பாய் மா பி", குதிரையோட பின்பக்கத்த தட்டுறது, இங்கிலீஷ்ல "பட்டர் அப்", வெண்ணெய் தடவுறது. வேலையில இருந்து தூக்கிட்டாங்கன்னா "சாவ் யோ யூ", கணவாய வறுக்குறது. தட்டுல கணவாய் வறுபட்டா சுருண்டுக்கும்ல, அந்தக் காலத்துல முதலாளி வீட்டுலயே தங்கி வேலை பாத்தவன் வெளிய அனுப்பிட்டா தன்னோட படுக்கையச் சுருட்டிக்கிட்டு கிளம்புவான், அந்த சுருட்டல்தான் கணவாய். இங்கிலீஷ்ல "கெட் த சாக்", கையில சாக்கு, நமக்கு சீட்டு கிழிஞ்சுது. மூணு ஊர்லயும் வேலை போற நாளைக்கு ஒரு பொருள் கையில இருக்கு பாருங்க, ஒரு இடத்துல படுக்கை, ஒரு இடத்துல சாக்கு, ஒரு இடத்துல சீட்டு.

இனிமேதான் முக்கியமான இடம், இத மட்டும் அவசரப்படாம பண்ணுங்க. படம் ஒண்ணா இருக்கும், அர்த்தம் எதிரா இருக்கும். சைனீஸ்காரங்க நல்லா இங்கிலீஷ் பேசும்போது கூட அடி சறுக்குறது இங்கதான், ஏன்னா தெரியாத இடியம்னா கேட்டுருவாங்க, தெரிஞ்ச மாதிரி இருந்தா கேக்கவே மாட்டாங்க.

"ஈட் யுவர் வர்ட்ஸ்" எடுத்துக்கோங்க. இங்கிலீஷ்ல நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிறது. சைனீஸ்ல "ஷர் யென்", அதே வார்த்தைய சாப்பிடுறதுதான், ஆனா அங்க அர்த்தம் குடுத்த வாக்க காப்பாத்தாம போறது. ஒருத்தர் மீட்டிங்ல பெருந்தன்மையா, என் கணக்கு தப்பு, நான் என் வார்த்தைய சாப்பிட்டுக்கிறேன்னு சொல்றாருன்னு வைங்க, சைனீஸ்காரர் காதுல அது நான் வாக்கு மாறப்போறேன்னு விழும். எவ்வளவு பெரிய வித்தியாசம்.

"புல் சம்ஒன்ஸ் லெக்", சும்மா கிண்டல் பண்றது, பொய்ய சொல்லி ஏமாத்தி விளையாடுறது. சைனீஸ்ல பின்னங்கால புடிச்சு இழுக்குறதுன்னு ஒண்ணு இருக்கு, அது ஒருத்தர முன்னேற விடாம பின்னால இழுக்குறது. நமக்கு கால வாரி விடுறதுன்னா நம்ப வச்சு கவுக்குறது. ஆக மூணு மொழியிலயும் கால்தான், மூணும் மூணு விஷயம். "ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்"னு அவங்ககிட்ட யாராவது சிரிச்சுக்கிட்டே சொன்னா மூஞ்சி மாறிரும், அதனால இத முதல் வாரத்துலயே சொல்லிருங்க.

"சைல்ட்ஸ் ப்ளே", இங்கிலீஷ்ல ரொம்ப ஈஸி. சைனீஸ்ல அதே குழந்த விளையாட்டு அப்படின்னா பொறுப்பில்லாம பண்றது, சீரியஸான விஷயத்த விளையாட்டா எடுத்துக்கிறது. "உனக்கு இந்த வேலையெல்லாம் சைல்ட்ஸ் ப்ளே"ன்னு நாம பாராட்டினா, நீ விளையாட்டுத்தனமா பண்றன்னு அவங்களுக்கு கேக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது "வாங் யாங் பு லாவ்". ஆடு காணாமப் போச்சு, அப்புறம் பட்டியோட ஓட்டைய அடைக்கிறது. இங்கிலீஷ்ல குதிரை ஓடிப்போன பிறகு லாயத்துக் கதவ சாத்துறதுன்னு இருக்கு, பாத்தா ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆனா இங்கிலீஷ்ல அதுக்கு இனிமே பண்ணி என்ன பிரயோஜனம், எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், நம்ம கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம் மாதிரி. சைனீஸ்ல அப்படியே எதிர், இப்ப அடைச்சாலும் லேட் இல்ல, மிச்ச ஆடாவது தங்கும்னு தைரியம் சொல்றது. பழைய கதையிலயே இன்னும் தாமதம் ஆகலன்னு ஒரு வரி கூடவே வரும். இந்த ஒரு உதாரணத்த அரை மணி நேரம் பேசலாம், தப்பு நடந்த பிறகு ஆபீஸ்ல யாராவது இதச் சொன்னா அது திட்டா ஆறுதலான்னு அவங்கள யோசிக்க வைங்க.

"பர்ன் யுவர் பிரிட்ஜஸ்" கொஞ்சம் தனி. கிமு 207-ல சியாங் யூன்னு ஒரு தளபதி ஆத்தத் தாண்டினதும் சமைக்கிற பானையெல்லாம் உடைச்சு, வந்த படகெல்லாம் முழுகடிச்சு, மூணு நாள் சாப்பாடு மட்டும் கையில குடுத்து சண்டைக்கு அனுப்பினாரு, ஜெயிச்சாரு. அதுல இருந்து வந்த செங்யூ வீரத்தக் குறிக்கும், உயர்வான வார்த்தை. இங்கிலீஷ்ல இப்ப பாலத்த எரிக்கிறதுன்னா வேலைய விடும்போது மேனேஜரோட சண்டை போட்டுட்டு போறது மாதிரி, திரும்ப ஒட்ட முடியாம உறவக் கெடுத்துக்கிறது. பண்ணாதன்னு புத்தி சொல்றப்பதான் அதிகம் வரும். இண்டர்வியூல என் பழைய கம்பெனியில பாலத்தையெல்லாம் எரிச்சுட்டு வந்தேன்னு பெருமையா சொல்லிட்டா என்ன ஆகும்னு பாருங்க.

இதுக்கெல்லாம் நோட்டுல எழுதுற முறைய மாத்தணும். இடியம், பக்கத்துல சைனீஸ் அர்த்தம்னு எழுத விடாதீங்க. நான் எழுதச் சொல்றது: கண்ணுல என்ன படம் தெரியுது, எந்த நேரத்துல ஜனங்க சொல்றாங்க, யார்கிட்ட சொல்லலாம் யார்கிட்ட கூடாது, கடைசியா நம்ம மொழியில அந்த நேரத்துல என்ன சொல்லுவோம். கடைசிதான் செங்யூ வர்ற இடம், அதுக்கு முன்னாடி இல்ல. செங்யூவ முதல்ல எழுதிட்டா அர்த்தத்த அதுவே இழுத்துட்டுப் போயிரும்.

யார்கிட்ட சொல்லலாம்ங்கிறது அவங்களுக்கு ரொம்ப முக்கியம், அதுக்கு காரணம் இருக்கு. சைனீஸ்ல செங்யூ போட்டுப் பேசுறது படிச்சவங்க அடையாளம், கட்டுரையில நாலு செங்யூ இருந்தா வாத்தியார் மார்க் போடுவாரு. இங்கிலீஷ் இடியம் பெரும்பாலும் அப்படி இல்ல, அது வீட்டுப் பேச்சு, டீ குடிக்கும்போது வர்ற பேச்சு. அவங்களுக்கு அது தெரியாததால கிளையண்டுக்கு போற ரிப்போர்ட்ல "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்"னு எழுதிருவாங்க, இல்லன்னா பரீட்சைக் கட்டுரையில "எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்"னு ஆரம்பிப்பாங்க, அத வாசிச்சு வாசிச்சு திருத்துறவங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். எழுத்துல இடியம் குறைச்சு, பேச்சுல தேவையான இடத்துல ஒண்ணு, இதுதான் நான் சொல்ற அளவு. அப்புறம் "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஸ்கூல்ல அதத்தான் முதல்ல சொல்லிக்குடுக்குறாங்க, ஆனா இன்னைக்கு பேசுறவங்க வாயில அது வர்றது கம்மி. "இட்ஸ் போரிங்"னு (pouring, கொட்டுதுன்னு அர்த்தம்) மழைக்கு சொல்றது அவங்களுக்கு தெரியாது, அதுதான் தினமும் காதுல விழும்.

எந்த இடியம் முதல்லன்னு கேட்டா, புக்குல இருக்குறத விட்டுட்டு ஆபீஸ் மெயில்ல ஒரு வாரம் கண்ணுல படுறத எடுங்க. எங்க இடத்துல வந்தது: "ஆன் த சேம் பேஜ்", "கீப் மி போஸ்டட்", "அப் இன் தி ஏர்", "கால் இட் எ டே", "கெட் த ஹாங் ஆஃப் இட்", "ப்ளே இட் பை இயர்", "கட் கார்னர்ஸ்". இந்த ஏழும் நல்லா வந்தாலே மீட்டிங்ல பாதி புரியும். "கட் கார்னர்ஸ்"க்கு சைனீஸ்ல வேலையத் திருடி சாமானக் குறைக்கிறதுன்னு நாலு எழுத்துல ஒரு செங்யூவே இருக்கு, கட்டட வேலையில சிமெண்ட குறைச்சுப் போடுறான்ல, அதுக்கு சொல்றது, கச்சிதமா உக்காரும். ஆனா இங்கிலீஷ்ல அவசரத்துக்கு ஒரு படிய தாண்டிப் போனாலும் அதே வார்த்தைதான், அந்த அளவு குற்றச்சாட்டு அதுல எப்பவும் இருக்காதுன்னும் சொல்லி வைங்க.

இன்னொரு சிக்கல், செங்யூ கல்லுல வெட்டினது மாதிரி, ஒரு எழுத்து மாறாது. சைனீஸ்ல வினைச்சொல் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுறதும் கிடையாது. அதனால இங்கிலீஷ் இடியத்தையும் கல்லு மாதிரி வச்சுக்குவாங்க, "ஹி ஸ்பில் த பீன்ஸ் எஸ்டர்டே", "ஷி புல் ஒன்ஸ் லெக்"னு வரும். டிக்‌ஷனரியில இருக்குற "ஒன்ஸ்" அப்படியே வாயில வருது பாருங்க. அதனால ஒரு இடியத்த சொல்லிக்குடுத்தா நேத்து, நாளைக்கு, நான், அவ, அவங்கன்னு அஞ்சு விதமா மாத்தி வாய்விட்டு சொல்ல வைங்க, எழுதினா போதாது.

வார்த்தைகளுக்கு வருவோம். தனி வார்த்தை சொல்லிக்குடுக்காதீங்க, ஜோடியா சொல்லிக்குடுங்க. "டீ" தெரியும், "ஸ்ட்ராங்" தெரியும், ஆனா "ஸ்ட்ராங் டீ" வராது, "திக் டீ"ன்னு வரும், ஏன்னா சைனீஸ்ல அது கெட்டி டீ. மழைக்கு "பிக் ரெயின்", "ஹெவி" வராது. லைட்ட "ஓப்பன்" பண்ணுவாங்க, ஏன்னா "காய்"னு ஒரே வார்த்தை கதவத் திறக்குறதுக்கும், லைட்டப் போடுறதுக்கும், கார் ஓட்டுறதுக்கும், மீட்டிங் நடத்துறதுக்கும். நம்ம "போடு" மாதிரிதான், லைட்ட போடு, டீ போடு, சட்டைய போடு, சண்டை போடுன்னு நாம எத்தனைக்கு வச்சிருக்கோம், அதனால நமக்கு இது உடனே புரியும், இங்கிலீஷ் மட்டுமே தெரிஞ்ச வாத்தியாருக்கு புரியாது. "ஈட் மெடிசின்"னும் சொல்லுவாங்க, நாமளும் மருந்து சாப்பிடுறோம்ல. புத்தகத்த பாக்குறேன்னு வரும், "கான்"ங்கிற ஒரே வார்த்தை பாக்குறதுக்கும் படிக்கிறதுக்கும். கடன் வாங்குறது குடுக்குறது ரெண்டுக்கும் "ஜியே", அக்காவுக்கு சொல்றதும் அதேதான் ஆனா தொனி வேற, அதனால "கேன் யூ பாரோ மி யுவர் பென்"னு கேப்பாங்க. இதுக்கு நான் பேனாவ கையில வச்சுக்கிட்டு என்கிட்ட இருந்து உங்ககிட்ட போனா "லெண்ட்", உங்க பக்கம் இருந்து சொன்னா "பாரோ"ன்னு கைய ஆட்டி ஆட்டி காமிச்சேன், அது போதும்.

கலர்லயும் கவனமா இருங்க. நாம பிளாக் டீங்கிறது அவங்களுக்கு "ஹோங் சா", சிவப்பு டீ. பிரவுன் சுகரும் சிவப்புச் சக்கரை. பொறாமைன்னா இங்கிலீஷ்ல பச்சை, சைனீஸ்ல கண்ணு சிவக்கும், அதுவே காதல்ல வர்ற பொறாமைன்னா வினிகர் சாப்பிடுறதும்பாங்க. பச்சைத் தொப்பி மட்டும் யாருக்கும் பரிசா குடுத்துராதீங்க, பொண்டாட்டி வேற ஆளோட போயிட்டான்னு அர்த்தமாயிரும். "டார்க் ஹார்ஸ்" அங்க கருப்புக் குதிரையா போய் உக்காந்திருக்கு, அதனால "பிளாக் ஹார்ஸ்"னு சொல்லுவாங்க, ஒரு தடவ திருத்தினா போதும்.

"ஹி"யும் "ஷி"யும் மாறிப்போறதுக்கு கோவப்படாதீங்க, சைனீஸ்ல ரெண்டுமே வாயில "தா"தான், எழுதும்போது மட்டும்தான் வேற. "ஆல்தோ" போட்டா "பட்"டும் போடுவாங்க, "பிகாஸ்" போட்டா "ஸோ"வும் வரும், அவங்க மொழியில ஜோடியாத்தான் வரும். பேச்சுல இத நான் பெருசா திருத்துறது இல்ல, மெயில்ல மட்டும் திருத்துவேன்.

ஃபிரேசல் வெர்ப், அதாவது வினைச்சொல்லோட ஒரு சின்னச் சொல் ஒட்டி வேற அர்த்தம் குடுக்குறது, தனியா ஒரு மலை. "போஸ்ட்போன்" சொல்லுவாங்க, "புட் ஆஃப்" சொல்ல மாட்டாங்க, "டாலரேட்" சொல்லுவாங்க, "புட் அப் வித்" வராது. பரீட்சைக்கு படிச்ச பெரிய வார்த்தையே பத்திரம்னு நினைப்பாங்க, அதனால பேச்சு கோர்ட் ஆர்டர் மாதிரி இருக்கும். "கெட்", "புட்", "டேக்"னு வினைச்சொல்ல வச்சு லிஸ்ட் போட்டா தலை சுத்தும். நான் சின்னச் சொல்ல வச்சு பண்றேன், ஒரு வாரம் பூரா "அவுட்" மட்டும். "ரன் அவுட்", "சோல்ட் அவுட்", "வோர்ன் அவுட்", எல்லாத்துலயும் ஏதோ தீர்ந்து போகுது. "ஃபைண்ட் அவுட்", "ஃபிகர் அவுட்", உள்ள இருந்தது வெளிய வருது. சைனீஸ்லயும் வினைச்சொல்லுக்கு பின்னால வெளிய, மேல, கீழன்னு ஒட்டுற பழக்கம் இருக்கு, அத ஞாபகப்படுத்தினா கப்புனு புடிச்சுக்குவாங்க.

எண்ணு விஷயத்துல நம்மளவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஆயிரத்துக்கு அப்புறம் "வான்", அது பத்தாயிரம், அதுக்கு மேல "யி", அது பத்து கோடி. நமக்கு லட்சம் கோடி. ரெண்டு பேருக்குமே மில்லியன் பில்லியன் வந்தா மனசுல ஒரு நிமிஷம் கணக்கு ஓடும். சைனா ஜனத்தொகைய அவங்க 14 யின்னு நினைப்பாங்க, நாம 140 கோடி, இங்கிலீஷ்ல 1.4 பில்லியன். நான் மூணையும் ஒரு அட்டையில எழுதி மானிட்டருக்கு கீழ ஒட்டச் சொன்னேன், ஒரு மில்லியன்னா நூறு வான், நமக்கு பத்து லட்சம், ஒரு பில்லியன்னா பத்து யி, நமக்கு நூறு கோடி. கொட்டேஷன் அனுப்புற வேலையில இருக்குறவங்க இத கண்டிப்பா பண்ணுங்க, ஒரு சைபர் மாறினா பணம் போயிரும்.

மனப்பாடம் பண்றதுக்கு அவங்ககிட்ட ஒரு பழைய வழி இருக்கு, இங்கிலீஷ் சத்தத்த சைனீஸ் வாக்கியமா மாத்திக்கிறது. "ஆம்புலன்ஸ்"ன்னா "ஆன் பு நெங் ஸ்", நான் சாகக் கூடாதுன்னு அர்த்தம். "பெஸ்ட்"டுங்கிற பூச்சிக்கு "பாய் ஸ் தா", அத அடிச்சுக் கொல்லு. "எகானமி"க்கு விவசாயிய நம்பி இருக்குறது. அர்த்தம் நல்லா நிக்கும், அருமையான வேலை, ஆனா உச்சரிப்பும் அதேவா நின்னுரும், கடைசி மெய்யெழுத்துக்கு பின்னால ஒரு உயிர் சத்தம் ஒட்டிக்கும். அதனால நான் வேணாம்னு சொல்றது இல்ல, அர்த்தத்துக்கு மட்டும் வச்சுக்கோ, சத்தத்துக்கு டிக்‌ஷனரியில ஸ்பீக்கர் பட்டன அமுக்கி மூணு தடவ கேளுன்னு சொல்லுவேன்.

டிக்‌ஷனரின்னதும் ஒண்ணு. போன்ல இருக்குற சைனீஸ் அர்த்தம் மட்டும் பாக்காம, லாங்மன் மாதிரி மாணவர்களுக்குன்னு வர்ற டிக்‌ஷனரி பாக்கச் சொல்லுங்க, அதுல எல்லா அர்த்தமும் சுமார் 2000 எளிய வார்த்தைக்குள்ளயே எழுதியிருப்பாங்க. பரீட்சைக்கு, மேல்படிப்புக்கு போறவங்கன்னா அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல போட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கு, 570 வார்த்தைக் குடும்பம், அதுல இருந்து ஒரு வாரத்துக்கு பத்து, ஒவ்வொண்ணுக்கும் ஜோடி வார்த்தையோட. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1885-லயே மறதி எப்படி வேகமா வரும்னு கணக்குப் போட்டு காமிச்சாரு, அவங்க ஊர் ஆப் எல்லாம் அந்தப் பேர சொல்லித்தான் ரிவிஷன் அனுப்புது, அன்கிங்கிற கார்டு வச்சு மனப்பாடம் பண்ற ஆப்பும் அதே வழிதான். கார்டுல மட்டும் தனி வார்த்தை போடாம ஒரு முழு வாக்கியம் போட்டு நடுவுல ஓட்டை விடச் சொல்லுங்க, வாக்கியம் அவங்க வாழ்க்கையில இருந்து இருக்கணும், "மை லேண்ட்லார்ட் கட் கார்னர்ஸ்" மாதிரி.

இப்ப மனசு விஷயம். மூஞ்சி போறதுன்னு ஒண்ணு இருக்கு, "தியு லியன்". "லூஸ் ஃபேஸ்"னு இங்கிலீஷ்ல சொல்றமே, அது சைனீஸ்ல இருந்து இங்கிலீஷுக்கு போனதுதான். நாலு பேர் முன்னாடி திருத்தினீங்கன்னா அடுத்த மாசம் வரைக்கும் வாய் திறக்க மாட்டாங்க, நான் ஒரு தடவ இந்தத் தப்ப பண்ணி பிறகு வருத்தப்பட்டேன், ஃபூஜியான் பொண்ணு ரெண்டு வாரம் சாப்பாட்டு மேஜைக்கே வரல. இப்ப நான் பண்றது, அவங்க சொன்னதயே சரியான வடிவத்துல நான் பேச்சோட பேச்சா திருப்பிச் சொல்லிருவேன், "ஓ, யூ டர்ண்ட் ஆன் த லைட்"னு, அவ்வளவுதான், கவனிச்சுக்குவாங்க. பெரிய தப்புன்னா சாயந்திரம் வீசாட்ல தனியா வாய்ஸ் மெசேஜ்.

அவங்க மொழி இங்கிலீஷுக்கு குடுத்த வார்த்தைகளையும் எடுத்து சொல்லுங்க, முதுகு நிமிரும். "கவ்டவ்", தலைய தரையில முட்டி கும்பிடுறது, அங்க இருந்து வந்தது. "பேப்பர் டைகர்" மாவோ சொல்லி உலகம் பூரா பரவினது. "கங் ஹோ"ன்னு உற்சாகமா இருக்குறத சொல்றாங்களே, அது சைனாவோட கூட்டுறவுத் தொழில் சங்கத்தோட சுருக்கப் பேர், ரெண்டாம் உலகப் போர்ல ஒரு அமெரிக்க மரைன் அதிகாரி கோஷமா எடுத்துட்டுப் போனாரு. "ஜியா யோ", எண்ணெய் ஊத்துன்னு மேட்ச்ல கத்துவாங்களே, அது "ஆட் ஆயில்"னு 2018-ல ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரியிலயே ஏறிருச்சு. நம்ம கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் சுருட்டும் அங்க போய் உக்காந்திருக்குன்னு நானும் சொல்லுவேன். பீஜிங்ல ரென்மின் யுனிவர்சிட்டி, ஷாங்காய்ல பீப்பிள்ஸ் பார்க் மாதிரி இடத்துல இங்கிலீஷ் கார்னர்னு கூடி முன்ன பின்ன தெரியாதவங்களோட பேசிப் பழகினவங்க அவங்க ஊர் ஆளுங்க, பேசணும்ங்கிற ஆசை உள்ள நிறைய இருக்கு.

அளவு எப்படின்னா, வாரத்துக்கு மூணு இடியம், பத்து ஜோடி வார்த்தை, அதுக்கு மேல வேணாம். திங்கக்கிழமை படமும் கதையும், புதன் அஞ்சு விதமா மாத்தி சொல்றது, வெள்ளிக்கிழமை அந்த வாரம் ஆபீஸ்ல நடந்த ஒரு விஷயத்த ஒரு நிமிஷம் வாய்ஸ் மெசேஜா அனுப்பணும், மூணுல ஒண்ணாவது தானா வந்திருக்கணும், திணிச்சது மாதிரி இருந்தா கணக்குல சேராது. ரெண்டு வாரம் கழிச்சு சொல்லாம கொள்ளாம நீங்களே பேச்சுல அந்த இடியத்த போடுங்க, மூஞ்சியப் பாருங்க. புரிஞ்சிருந்தா நோட்டுல டிக். புரியலன்னா மறுபடி திங்கக்கிழமை பட்டியலுக்கு, அதே கதையோட.